நைட்டித் தேன்

எங்க ஊரு சக்கவிளையில நடந்த காரியம் இது. நம்பப் பிடிக்காதவங்க நம்ப வேண்டாம், ஆனா எங்க வீட்டுக் கொடியில தொங்குற வெள்ள நைட்டிய ஒருக்கா வந்து பாத்துட்டு, கையால தொட்டுட்டு, பொறவு வீட்டுக்குப் போயி நம்பாம இருங்க, அதுதான் மரியாத.

மார்த்தாண்டத்துல இருந்து மலையப் பாத்துப் போற ரோட்டுல ரப்பர் தோட்டமா ஏறி எறங்கினா ஒரு சர்ச்சு, ஒரு சாயாக்கட, ஒரு தேன் சங்கம், அவ்வளவுதான் ஊரு. இங்க மனுசன் எத்தன பேருன்னு கேட்டா யோசிப்போம், பெட்டி எத்தனன்னு கேட்டா டக்குனு சொல்லிருவோம், ஏன்னா ஒவ்வொரு வீட்டு முத்தத்துலயும் தேனீப் பெட்டி நிக்குது, எறும்பு ஏறாம இருக்க காலுக்கடியில தண்ணி வச்சு, மழைக்கு மேல ஓட்டத் தூக்கிப் போட்டு, புது மருமவன கவனிக்கிற மாதிரி கவனிச்சுக்கிடுவோம். தை மாசம் ரப்பர் துளிர் விட்டா தேன் வரும், பங்குனி வரைக்கும் வரும், பொறவு மழை எறங்கிரும், ஒரு பூவு கெடையாது, ஈ எல்லாம் பெட்டிக்குள்ள இருந்துக்கிட்டு எங்க கையப் பாக்கும், நாங்க சீனியக் காய்ச்சி தேங்காச் சிரட்டையில ஊத்தி உள்ள வச்சு அடுத்த தை வரைக்கும் அதுகள உசுரோட வச்சிருக்கணும். கொஞ்ச மாசம் அது நமக்குப் போடும், மிச்ச மாசம் நாம அதுக்குப் போடணும், கல்யாணம் கட்டுன மாதிரிதான், என்ன, கொட்டு கொஞ்சம் கம்மி.

அப்படி ஒரு ஆடி மாசம், என் வீட்டுக்காரி தங்கபாய் சீனித் தண்ணிய சிரட்டையில ஊத்திட்டு, பிசுபிசுன்னு இருந்த கைய நைட்டியில தொடச்சிட்டா. பெரிய பெரிய சூரியகாந்தி போட்ட நைட்டி, அவ அதப் போட்டுட்டு நடந்து வந்தா ஒரு தோட்டமே நம்மளத் திட்ட வர்ற மாதிரி இருக்கும். அத அலசிக் கொடியில போட்டா. மழை கொஞ்சம் விட்டு வெயில் எட்டிப் பாத்த நேரம், ஒரு ஈ வந்து அந்தச் சூரியகாந்திக்கு நடுவுல உக்காந்து, மூஞ்சிய உள்ள விட்டு, வயிறு பெருக்கக் குடிச்சிட்டு, எழும்ப மாட்டாம எழும்பிப் போச்சு. பொறவு அது போயி மத்ததுகள்ட்ட சொல்லியிருக்கும் போல, கூட்டமா வந்துச்சு.

"இஞ்ச பாருங்க, ஈ என் நைட்டியில தேன் குடிக்குது"ன்னா.

"குடிச்சிட்டுப் போட்டும், நீ என்ன சாயாவா போட்டுக் குடுக்கப் போற"ன்னேன்.

அந்திக்குப் போயிப் பாத்தா நைட்டியில ஒரு பூவு இல்ல. சாயம் போன வெள்ள இல்ல அது, பால் மாதிரி வெள்ள, இப்பதான் தறியில இருந்து எறக்குன மாதிரி. பெட்டியத் தொறந்து பாத்தா அடையில புதுத் தேன் மினுங்குது.

சாயாக்கடையில இதச் சொன்னேன். யாரும் வாயப் பொளக்கல. எங்க சங்கத் தலைவரு ஞானசிகாமணி, எதையும் ரெண்டு மடக்கு சாயா குடிச்ச பொறவுதான் சொல்லுவாரு, அந்த ரெண்டு மடக்கக் குடிச்சிட்டு, "ரப்பர் தேன் என்ன பூவுல இருந்தா வருது? இலைக்காம்புல இருந்து வருது. வெளியூர்க்காரன்ட்ட சொன்னா அவன் இதக் கூடத்தான் நம்ப மாட்டான். இலையில எடுக்கத் தெரிஞ்ச ஈக்கு நைட்டியில எடுக்க யாரு படிச்சுக் குடுக்கணும்?"னு சொல்லிட்டாரு. அத்தோட அந்தப் பேச்சு முடிஞ்சு போச்சு. மிச்சம் இருந்த சந்தேகம் ஒண்ணுதான், அது காட்டனா பாலியஸ்டரா.

காட்டன்தான் நல்லதுன்னு கொஞ்ச நாள்ல தெரிஞ்சு போச்சு, காட்டன் தேன் கெட்டியா சொட்டும், பாலியஸ்டர் தேன் தண்ணியா ஓடும், நாக்குல லேசா வழுக்கும். பெட்ஷீட் தேன் குடிச்சா ஒறக்கம் வரும், சன்னல் கர்ட்டன் தேன் குடிச்சவன் அடுத்த வீட்டுச் சங்கதி பேச ஆரம்பிப்பான், குடைத் தேன் மட்டும் மழை மணம் அடிக்கும்னு அதத் தனியா ஒரு குப்பியில எடுத்து வச்சோம். மழை விட்ட அர மணி நேரத்துல ஊரு பூராவும் கொடியில பூவாத் தொங்கும், ரோசு, மல்லி, பேரு தெரியாத சீமப் பூவு, மாம்பழ டிசைன் போட்டத மட்டும் ஈ சுத்திப் பாத்துட்டு, இது பழுக்கட்டும்னு விட்டுட்டுப் போயிரும். எவர்சில்வர் தட்டுல வெட்டுன பூவையும் விடல, கேஸ் அடுப்பு மூடியில இருந்த பூவையும் விடல. யேசு படத்துக்குப் போட்டிருந்த பிளாஸ்டிக் மாலைய உறிஞ்சி எடுத்து கண்ணாடி மாதிரி ஆக்கி வச்சிருச்சு, போதகரு வந்து பாத்துட்டு இதுதான் இன்னும் கம்பீரமா இருக்குன்னாரு. ரப்பர் பால்வெட்டுற எபனேசருக்கு கையில பழைய காதலி பேரையும் ரோசாப் பூவையும் சேத்து பச்ச குத்தியிருந்துச்சு, ஈ பூவக் குடிச்சிட்டு பேர விட்டுட்டுப் போச்சு, வீட்டுக்காரிட்ட அவன் பட்ட பாட்ட இந்தக் கதையில சேத்தா கதை முடியாது.

பொம்பளையளுக்கு ஒரு மதிப்பு வந்துச்சு பாத்துக்கிடுங்க. அதுவரைக்கும் ஒரு நைட்டி கேட்டா, இருக்குறதே கெடக்குன்னு சொன்ன ஆம்பளையளு எல்லாம், "மக்கா, இன்னும் ரெண்டு எடுத்துக்க, பூ பெருசாப் பாத்து எடு"ன்னு கெஞ்சினானுவ. வாங்கின ஒரு நாளைக்கு அவளுக்கு, மறுநாள் ஈக்கு. ஊருல எல்லாப் பொம்பளையும் வெள்ள வெளேர்னு நடமாட ஆரம்பிச்சா. ஞாயித்துக்கெழம சர்ச்சுல பாத்தா வானத்துல இருந்து ஒரு பட்டாளம் எறங்கி வந்து எங்களுக்காகப் பாட்டுப் படிக்குற மாதிரி இருக்கும், பாட்டு மட்டும் பழைய பாட்டு, பழைய சுதி.

இதுல ஒரு ஆளு வீட்டுக் கொடியில மட்டும் பூவு கெடையாது. விஜிலா.

எங்க அடுத்த வீடு. வயசு முப்பத்தஞ்சு தாண்டியாச்சு, தனி ஆளு, பதினஞ்சு பெட்டி. அப்பன் போன பொறவு அவளே பாக்குறா. ஈக்குக் கறுப்பு ஆகாது, கண்ணப் பறிக்கிற நிறம் ஆகாது, சென்ட் மணம் ஆகவே ஆகாது, அதனால அவ சின்ன வயசுல இருந்தே வெள்ளதான் உடுப்பா. கேட்டா, "பூவ மரத்துல பாத்தாப் போதும் அண்ணே, மேல எதுக்கு"ம்பா. பெண் பாக்க வந்தவனுவ கறுப்புப் பேன்ட்டும் சென்ட்டுமா வந்து எறங்குவானுவ, பொண்ணப் பாக்கும் முன்ன ஈ அவனுவளப் பாத்துரும். ஒருத்தன் பலகாரத்தக் கூட எடுக்காம ஓடினான், அந்த அச்சப்பத்த நான்தான் தின்னேன்.

அப்போ அவ ஈ எங்க போயிக் குடிக்கும்? எங்க கொடிக்குத்தான் வரும். முதல்ல யாரும் கண்டுக்கிடல. எங்க வீட்டுக்கு வந்த ஈயில பாதி, நம்ம பெட்டிக்குப் போவாம வேலிக்கு அப்பால போறதப் பாத்த தங்கபாய் ஒரு வேல செஞ்சா. புட்டு மாவ எடுத்து, பெட்ஷீட்டுல உக்காந்திருந்த ஈ மேல தூவி விட்டுட்டு, வேலிக்கு மேல எட்டிப் பாத்தா. வெள்ள வெள்ளயா ஈ போயி விஜிலா பெட்டிக்குள்ள நுழையுது.

"ஏ விஜிலா, ஒன் ஈ என் பெட்ஷீட்ட உறிஞ்சிட்டு வருது பிள்ளே."

"ஈக்கு எல்லக் கல்லு போட்டுக் குடுங்க மைனி, நான் ஒவ்வொண்ணா கூட்டிட்டுப் போயி காட்டிக் குடுக்குறேன்."

"நக்கலு. நீயும் ஒரு நைட்டி எடுத்துத் தொங்க விட்டா என்ன?"

"பதினஞ்சு பெட்டி குடிக்கிற அளவுக்கு நைட்டி வாங்க, நான் பெட்டிய வித்துட்டுத்தான் போணும்."

சங்கத்துல கூட்டம் போட்டாச்சு. ஆளாளுக்குக் கத்தி, கடசியில தலைவரு சாயா குடிச்சு முடிச்சு ஒரு தீர்ப்பு சொன்னாரு: சொந்தப் பூவு இல்லாத வீட்டுப் பெட்டி கிறிஸ்மஸுக்கு மேல தொறந்து கெடக்கக் கூடாது, வாசல்ல வலை அடிச்சு மூடிரணும். பழையபடி சீனித் தண்ணி குடுத்து உள்ளயே வச்சுக்கிடட்டும்னு யாரோ சொன்னானுவ. அதுல காரியம் இல்ல, ஏன்னா ஒருக்கா நைட்டியக் குடிச்ச ஈ சீனித் தண்ணிய மோந்து கூட பாக்கல, ஊரு பூராவும் அதான் நெலம. வாசல அடைச்சா அதுகளு பட்டினியிலயும் சூட்டுலயும் உள்ளயே செத்து அடுக்கா கெடக்கும். விஜிலா எழும்பிப் போயிட்டா. கூட்டத்துல கத்துனவங்க எல்லாம் அன்னைக்கு சாயாவ பாதியில வச்சிட்டு வந்தோம்.

மறுநாள் அவ ஒரு வெள்ளத் துப்பட்டாவுல பெயிண்ட்ட வச்சு தானே பூ வரஞ்சு கொடியில போட்டா. ஈ வந்துச்சு, மேல சுத்துச்சு, கிட்ட வந்து பாத்துச்சு, திரும்பிப் போச்சு.

நான் வேலிக்கு இப்பால இருந்து பாத்துட்டு, "மக்கா, அது பூவா, பொரிச்ச முட்டையா?"ன்னு கேட்டேன்.

"செவ்வந்தி."

"ஈக்கு முட்ட ஆகாது போல."

சிரிச்சா. ஆனா அந்தச் சிரிப்பு கண்ணு வரைக்கும் ஏறல.

இனி சவரிமுத்து வாறான். திண்டுக்கல் பக்கத்துக்காரன், டி.வி.எஸ். வண்டியில பின்னால மல மாதிரி மூட்டையக் கட்டிட்டு, "நைட்டியே, சுடிதாரே, உள்பாவாடையே"ன்னு ராகமா கூவிட்டு மாசாமாசம் வருவான். நாப்பது வயசு, ஒத்த ஆளு, வாயத் தொறந்தா மூடாதவன். ஆடிக்குப் பொறவு எங்க ஊருதான் அவனுக்கு சொர்க்கம். அறுபது வயசுக் கெழவியில இருந்து பாவாட கட்டுற பிள்ள வரைக்கும் அவனுக்கு எல்லாரும் 'அக்கா'தான். ஆனா விஜிலா வீட்டு முன்னால வந்தா மட்டும் வண்டி மெதுவாப் போவும், கூவல் நின்னுரும், அக்கான்னு ஒரு வார்த்த வாயில வராது. அவளும் ஒரு நாளும் வாங்குனதில்ல. வாங்காத வீட்டு முன்னால மாசாமாசம் வண்டி நிக்குதுன்னா, டயரு பஞ்சரா, ஆளு பஞ்சரான்னு நாங்க சாயாக்கடையில பேசிக்கிடுவோம்.

கிறிஸ்மஸுக்கு முன்ன பெரிய மூட்டையோட வந்தான். அன்னைக்கு மத்தியானம் அடிச்ச மழையில விஜிலா வீட்டு எறப்புல ஓடு உடைஞ்சு, தண்ணி நேரா பெட்டி மேல ஊத்துது. அவ மார்த்தாண்டம் போயிருந்தா. நம்ம ஆளு பாத்தான். பாத்துட்டு சும்மா போயிருந்தா இந்தக் கதை இல்ல. வண்டிய விட்டு எறங்கி, பதினஞ்சு பெட்டியவும் ஒவ்வொண்ணா நெஞ்சோட அணைச்சுத் தூக்கி, வீட்டுக்குப் பின்னால ஆட்டுக் கொட்டில்ல நனையாம கொண்டு வச்சான். ஈ சும்மா இருக்குமா, மொகம் பூரா கொட்டி பலாச்சக்க மாதிரி வீங்கி, கண்ணு ரெண்டும் அடைஞ்சு போச்சு. மழை விட்டதும், பெட்டி நின்ன எடம் காலியா இருக்குதேன்னு அதுல வண்டிய நிறுத்தி, நனஞ்ச தார்ப்பாய அவுத்து காயப் போட்டுட்டு, தடவித் தடவி சாயாக்கடைக்கு சுண்ணாம்பு கேக்கப் போயிட்டான்.

பகல்ல பெட்டியத் தூக்கப்பிடாது. இது எங்க ஊருல பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். தூக்கணும்னா அந்திக்கு, ஈ எல்லாம் அடைஞ்ச பொறவு தூக்கணும், அதுவும் ஒண்ணு ஒரு சாண் தூக்கணும், இல்ல ஒரு ஊரு தாண்டித் தூக்கணும். நடுவாந்தரமா தூக்கினா, வெளிய போன ஈ பெட்டிய மதிக்காது, எடத்தத்தான் மதிக்கும், பழைய எடத்துக்குத்தான் வந்து நிக்கும். மழைக்கு எல எலயா ஒதுங்கி இருந்த பதினஞ்சு பெட்டி ஈயும் வந்துச்சு. எடம் இருக்கு, பெட்டி இல்ல. பெட்டி இருந்த எடத்துல ஒரு டி.வி.எஸ். வண்டி. வண்டி மேல தார்ப்பாய் இல்லாத ஒரு மூட்ட நிறைய பூவு.

விஜிலா அந்திக்கு வந்து பாத்தப்போ பெரிய எரச்சலு, வண்டி தெரியல, ஈதான் தெரியுது. அவ பதட்டப்படல, கொட்டில்ல இருந்து ஒவ்வொரு பெட்டியா எடுத்து வண்டியச் சுத்தி பழைய எடத்துலயே கொண்டு வச்சா, ஈ எல்லாம் பிள்ள உண்டானவள மாதிரி வயித்தத் தூக்கிட்டு பைய பைய உள்ள போச்சு. பொறவுதான் மூட்டையப் பாத்தா. அத்தனையும் வெள்ள.

ஊரே கூடிட்டுது. நடுவுல சவரிமுத்து, வீங்கின மூஞ்சியில சுண்ணாம்பு.

"யாரு பெட்டியத் தூக்குனது?"ன்னா விஜிலா.

"நான்தாங்க. தண்ணி ஊத்துச்சுங்க, நனையுதேன்னு..."

"பகல்ல பெட்டியத் தூக்குவாங்களா?"

"எனக்கு எப்படிங்க தெரியும்? நான் தூக்குனதெல்லாம் நைட்டி மூட்டதாங்க, அத எப்ப தூக்குனாலும் அது ஒண்ணும் சொல்லாது."

"நனஞ்சா ஒமக்கு என்ன?"

அவன் வாயத் தொறந்தான், மூடிட்டான். அந்த வாய் மூடி நாங்க அன்னைக்குத்தான் பாத்தோம். பொறவு மூட்டையப் பாத்தான், ஒரு கண்ணு கொஞ்சம் தொறந்திருந்துச்சு அவனுக்கு. "பூவத் திருப்பிக் குடுங்க"ன்னான்.

"நான் என்ன பிடுங்கியா வச்சிருக்கேன்? பெட்டிக்குள்ள இருக்கு. தேனா வேணும்னா தாறேன்."

"தேன மாட்டிக்கிட்டு யாருங்க தூங்குவா?"

தங்கபாய் என்னைப் பாத்து மொகத்தத் திருப்பிக்கிட்டா. "நனையுதேன்னு தூக்குனானாம். நம்ம பெட்டி இத்தன வருசமா நனையுது, இஞ்ச ஒரு மனுசன் ஒரு ஓட்ட நகத்தி வச்சிருப்பாரா"ன்னு ஊருக்கே கேக்குற மாதிரி மெதுவாச் சொன்னா. பஞ்சாயத்து எப்பவும் இப்படித்தான், எங்க ஆரம்பிச்சாலும் எனக்கிட்ட வந்து நிக்கும்.

தலைவருக்கு சாயா வந்துச்சு. குடிச்சாரு. "அவ முத்தத்துல, அவ பெட்டி எடத்துல, யாரும் கேக்காம கொண்டு வந்து நிறுத்தின பூவு. அப்ப அது சொந்தப் பூவுதான். வாசல அடைக்க வேண்டாம்"னாரு. விஜிலா உள்ள போயி கதவச் சாத்திட்டு அழுதிருப்பா போல, வெளிய வரும்போது மூக்கு செவந்திருந்துச்சு. சவரிமுத்த யாரும் பாக்கல, அவன் வெள்ள நைட்டிய ஒவ்வொண்ணா உதறி மடிச்சுக்கிட்டு இருந்தான், நல்லா மடிச்சான், விக்கிறவன் மடிக்கிற மாதிரி.

விஜிலா அவன் கையில இருந்து ஒண்ணப் பிடுங்கினா. சுடிதாருக்கு மேல அத மாட்டினா. கழுத்துல இருந்து காலு வரைக்கும் வெள்ள, கையில ரப்பர் பேண்டு, தலையில ஒரு கொசுவலத் துண்டப் போட்டு கழுத்துல கட்டினா. அப்படியே போயி, எரிச்சல்ல இருந்த பெட்டி ஒண்ணத் தொறந்தா. ஈ ஒண்ணு கூட கொட்டல. அவ திரும்பி எங்களப் பாத்தா. "சங்கத்துல எத்தன ஆளு கொட்டு வாங்கிட்டு தேன் எடுக்குறீங்க? இது ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கிட்டா என்ன?"

"ஆம்பளையளுமா?"ன்னேன்.

"ஈ ஆம்பள பொம்பள பாத்தா கொட்டுது அண்ணே?"

அப்படித்தான் சக்கவிளை ஆம்பளையளு நைட்டி போட்டோம். நல்ல காத்தோட்டம், அத மட்டும் சொல்லுவேன். தலைவரு மொதல்ல மாட்டேன்னாரு, போட்ட பொறவு கழத்த மாட்டேன்னாரு, சாயாக்கடைக்கும் அதுலயே வந்தாரு. மூட்ட காலி ஆச்சு. நைட்டிக்குக் கொசுவலையத் தைக்க ஆளு வேணும்னு சவரிமுத்து சங்கக் கட்டடத்துலயே தங்கிட்டான், தங்கபாயோட தையல் மிஷின்ல தைச்சான், கிறிஸ்மஸும் எங்களோடதான். அவன் தைக்கிற எடத்துல இருந்து பாத்தா விஜிலா முத்தம் தெரியும். அவன் எனக்குத் தைச்ச நைட்டியில ஒரு கை நீளம், ஒரு கை குட்ட.

இனிதான் கஷ்டம் வந்துச்சு. கிறிஸ்மஸ் முடிஞ்சு ரப்பர் எல எல்லாம் கொட்டிப் போச்சு, தோட்டம் குச்சிக் குச்சியா நிக்குது, துளிர் இன்னைக்கா நாளைக்கான்னு தெரியல. ஊருல ஒரு பூவு பாக்கி இல்ல. சுத்துப்பட்டு ஊருக்காரனுவளுக்கும் விசயம் தெரிஞ்சு மார்த்தாண்டத்துல பூ போட்ட துணி பூராவும் வாரிட்டுப் போயிட்டானுவ, கடையில கட்டமும் கோடும்தான் மிச்சம், கட்டத்த ஈ திரும்பிப் பாக்காது. மத்தவங்க பெட்டியில ஆடியில இருந்து சேத்த தேன் இருந்துச்சு. விஜிலா ஈ கடசியில குடிச்சதுதானே, அந்த மூட்டத் தேன் தீந்து போச்சு. அடை வெறும் மெழுகா கெடக்கு. ஈ பெட்டி வாசல்ல கொத்துக் கொத்தா தொங்கிட்டு, இங்கயா அங்கயான்னு பாத்துட்டு நிக்குது. அப்படி நின்னா என்ன அர்த்தம்னு எங்களுக்குத் தெரியும், பெட்டிய விட்டு எழும்பி மலைக்குப் போவப் போவுது, போனா திரும்பி வராது. தங்கபாய் ஒரு அடையத் தேனோட கொண்டு போயிக் குடுத்தா. வேலிய விட்டுத் தாண்டி, ஆறு மாசத்துக்குப் பொறவு. விஜிலா வாங்கிக்கிட்டா, ஆனா பதினஞ்சு பெட்டிக்கு ஒரு அடை எந்த மூலைக்கு.

சவரிமுத்து வந்தான். கையில ஒரு நைட்டி. சின்னச் சின்ன நீலப் பூவு, கழுத்துல இருந்து காலு வரைக்கும் நெருக்கி நெருக்கி.

"இதத் தொங்க விடுங்க"ன்னான்.

"இது எங்க இருந்துச்சு?"

"வண்டி சீட்டுக்கு அடியிலங்க."

"மூட்ட போன அன்னைக்கு எடுத்து வச்சதா?"

"அதுக்கு முன்னாலங்க. ஆவணியில."

"யாருக்கு?"

அவன் டயரப் பாத்தான். காத்து இருக்கா இல்லையான்னு அமுக்கிப் பாத்தான். தங்கபாய் வேலிக்கு மேல தலைய நீட்டி, "சுவத்துக்கா குடுப்பான் பிள்ளே, கேக்குறா பாரு கேள்வி"ன்னா.

விஜிலா அத வாங்கிட்டு உள்ள போனா. வெளிய வந்தப்போ அது அவ மேல இருந்துச்சு. பொறந்ததுல இருந்து அவளப் பாக்குறேன், பூப் போட்டுப் பாத்தது அன்னைக்குத்தான்.

"தொங்க விடத்தானங்க சொன்னேன்"ன்னான் அவன்.

"கொடியில போட்டா காத்துல ஆடி பாதித் தேன் சிந்திப் போவும். நான் நின்னா ஆடாது"ன்னா.

பெட்டிக்கு நடுவுல போயி, கைய ரெண்டையும் கொஞ்சம் விரிச்சு வச்சுட்டு நின்னா. தொங்கிட்டு இருந்த ஈ ஒண்ணொண்ணா வந்துச்சு, பொறவு கொத்தா வந்துச்சு, கால்ல இருந்து ஆரம்பிச்சு மேல மேல ஏறி, ஒரு நீலப் பூவுக்கு ஒரு ஈன்னு உக்காந்து, குடிச்சுட்டு பெட்டிக்குப் போச்சு, திரும்பி வந்துச்சு. ஊரு பூராவும் வேலியில வந்து நின்னோம், பாதி ஆம்பளையளு நைட்டியில. சாயாக்கடக்காரன் அடுப்ப அணைச்சுட்டு வந்தான். அவ மூச்சு விடுறது மட்டும் தெரியுது, மூச்ச இழுத்தா ஈ கூட்டம் ஏறுது, விட்டா எறங்குது. காலு வெளுத்துச்சு, முட்டு வெளுத்துச்சு, இடுப்பு வெளுத்துச்சு. சவரிமுத்து அவளுக்கு நேரா நின்னான், அவ நின்ன நேரம் பூரா அவனும் நின்னான், கால மாத்தி வைக்கல.

கடசியில தோள்பட்டைக்குக் கீழ ஒரே ஒரு பூவு பாக்கி. ஒரு ஈ அதுல வந்து உக்காந்துச்சு. நாங்க எல்லாரும் அதையே பாக்குறோம். அது மூஞ்சிய உள்ள விடல. தலையத் தூக்கிச்சு, காத்த மோந்துச்சு, எழும்பிச்சு. அது எழும்பினதும் மத்த ஈயும் எழும்பிச்சு, பதினஞ்சு பெட்டியும் எழும்பிச்சு, விஜிலாவுக்கு மொகம் செத்துப் போச்சு, போயிட்டுன்னு நெனச்சா, நாங்களும் அப்படித்தான் நெனச்சோம். அது மலையப் பாத்துப் போவல. தோட்டத்தப் பாத்துப் போச்சு. அங்க பாத்தா, காலையில குச்சியா நின்ன ரப்பர் மரத்துல உச்சியில செம்பு நிறத்துல துளிரு. தலைவரு சாயா இல்லாமலே பேசினது அன்னைக்கு ஒருக்காதான். "சீசன் வந்தாச்சு"ன்னாரு.

அந்த ஒத்தப் பூவ ஈ ஏன் விட்டுச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் எங்க ஊருல ரெண்டு கச்சி. துளிரு மணம் வந்துச்சு, விட்டுட்டுப் போச்சுன்னு ஒரு கச்சி. அது யாருக்கு வச்சிருந்த பூவுன்னு ஈக்குத் தெரிஞ்சிருக்குன்னு ஒரு கச்சி. தங்கபாய் ரெண்டாவது கச்சிக்குத் தலைவி, அதனால நானும் அதுலதான் இருக்கேன், வீட்டுல சோறு திங்கணும் பாருங்க.

துளிருக்குப் பொறவு ஈ துணியத் தொடல. அந்த வருசம் விஜிலா பெட்டியில எடுத்த தேன் நீலமில்ல, சாதாரண ரப்பர் தேன்தான், ஆனா நெறய.

கல்யாணப் பேச்சு வந்தப்போ ஒரு சிக்கலு. அவன் ஆர்.சி., இவ சி.எஸ்.ஐ., சபையே வேற. அவன் ஆளுவ ஒரு வேன் நெறய வந்து சங்கக் கட்டடத்துல ஒரு பக்கம் உக்காந்தாங்க, நாங்க ஒரு பக்கம், யாரும் யாரையும் பாக்கல. எங்களுக்கு இது தெரிஞ்ச காரியம்தான். ரெண்டு கூட்டத்து ஈய ஒரே பெட்டியில ஒடனே சேத்தா ஒண்ண ஒண்ணு கொன்னு போடும், நடுவுல ஒரு நியூஸ் பேப்பர விரிச்சு வச்சுட்டா, ரெண்டு பக்கமும் அதக் கடிச்சுக் கடிச்சு ஓட்ட போட்டு முடிக்கும்போது ரெண்டுக்கும் ஒரே மணம் ஆயிரும். அதனால தலைவரு ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல நீளத்துக்கு பேப்பர விரிச்சு, அதுல மிச்சரும் அச்சப்பமும் முறுக்குமா குவிச்சு விட்டாரு. திண்டுக்கல் பக்கம் கை நீண்டுச்சு, எங்க பக்கம் கை நீண்டுச்சு, பேப்பர் எழுத்து தெரியும்போது தேதி குறிச்சாச்சு.

கல்யாணத்துக்கு விஜிலா வெள்ளதான் உடுத்தினா. பூவு இருந்தது மாப்பிள சட்டையில. அந்த நைட்டியில மிச்சம் இருந்த ஒத்த நீலப் பூவ வெட்டி எடுத்து, அவன் வெள்ளச் சட்ட பாக்கெட்டுல அவளே தைச்சிருந்தா, கோணலாத்தான் தைச்சிருந்தா, அவ பூ வரையுற கை ஒங்களுக்குத் தெரியுமே. அவன் மின்ன, அதான் எங்க தாலி, கையில எடுத்து அவ கழுத்துக்குக் கொண்டு போவும்போது சன்னல் வழியா ஒரு ஈ வந்துச்சு. சபைக்கு மேல ஒரு சுத்து சுத்துச்சு. நேரா வந்து அவன் பாக்கெட்டுல உக்காந்துச்சு. போதகரு படிக்கிறத நிறுத்திட்டாரு.

சவரிமுத்து மின்னப் பிடிச்ச கை அப்படியே நிக்க, ஒதடு அசையாம கேட்டான், "ஓட்டட்டுமா?"

விஜிலா அந்த ஈயப் பாத்தா. "கைய ஆட்டாதீரும்"னா. "பசிச்சா குடிச்சிட்டுப் போட்டும். நீரு கட்டும்."